பன்னிரண்டாம் திகதிக்குள் பிறந்தவர்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்யத் தெரியாது. புரோகிராம் எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை. நாலு வரி எழுதுவேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கீழே தெருவில் பொலிஸ் ஜீப் நிற்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி வந்து எழுதிய நாலில் இரண்டை அழிப்பேன். யுத்த காலத்துக் கண்டியில் தமிழர்கள் பலருக்கும் இந்த ஜன்னல் வியாதி இருந்தது. எனக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

அலுவலகம் கண்டி நகரத்தில், ஒரு பாதணிக் கடைக்கு மேல்மாடியில். இரண்டு கம்பியூட்டர், மூன்று கதிரை, கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு அலுமாரி. கடைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் வேண்டிய புரோகிராம்களை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். எழுதுவது நான். ஆள் பிடிப்பதும் கை குலுக்குவதும் முதலாளி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் தட்டச்சு இயந்திரங்கள் விற்ற கடை கலவரத்தில் எரிந்த பிறகு, இரண்டு சூட்கேசோடு கண்டிக்கு வந்தவர். நான் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் பேசும் தமிழ் எனக்குப் பழக ஆறு மாதம் ஆனது. என்னுடையது அவருக்குக் கடைசிவரை பழகவில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது.

"கஸ்டமருக்கு முன்னாலை ஸ்கிரீனிலை பிழை எண்டு ஒரு பெட்டி வந்து நிக்கக் கூடாது. வந்துதோ, அதோடை எங்கடை கதை முடிஞ்சுது. விளங்குதோ?"

விளங்கியது. புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் தலையில் ஒரு கட்டளை எழுதலாம்: பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ. அதை எழுதிவிட்டால் எந்தப் பெட்டியும் வராது. உள்ளே வீடு பற்றி எரிந்தாலும் வாசலில் கோலம் அழகாக இருக்கும். நானும் எழுதினேன். மற்ற நேரங்களிலும் நாங்கள் எல்லோரும் அப்படித்தானே ஓடிக்கொண்டிருந்தோம்.

குண்டசாலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு ஊழியர் அட்டை அச்சடிக்கும் புரோகிராம் கேட்டார்கள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி ஆகியவற்றை அடித்தால் கழுத்தில் தொங்கவிடும் அட்டை அச்சாகி வர வேண்டும். இரண்டு வாரத்து வேலை. எனக்கோ அதில் என் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டும் என்று ஓர் அரிப்பு.

நம் நாட்டு அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு எண்கள் வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருப்பார்கள். ஆகவே அட்டையை அச்சடிக்குமுன், பதிந்து வைத்த திகதியையும் இலக்கம் சொல்லும் திகதியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனை எழுதினேன். ஒத்துப்போகாவிட்டால் பெட்டி வரும், அட்டை வராது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு நாள் உதைத்தது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், இலக்கம் கொடுக்கிறவர்கள் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரியில் இருபத்தொன்பது நாள் என்றே எண்ணுகிறார்கள். அதையும் சரிக்கட்டினேன். அந்த நாற்பது வரிகளை நினைத்து ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

புரோகிராமைக் கொண்டுபோய்ப் போட்ட மூன்றாம் நாள் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து தொலைபேசி. அங்கே ஊழியர் விவரங்களைப் பார்த்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. நடுத்தர வயது, சிரித்த முகம், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர். என்னை நங்கி, தங்கச்சி, என்பார். நான் அக்கே என்பேன்.

"நங்கி, புதுசா எடுத்த ஆட்களைத்தான் முதலில் போடுகிறேன். எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு உன் பெட்டி வருகிறது. உங்கள் ஆட்களுக்குத் தாங்கள் பிறந்த நாள்கூடத் தெரியாதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த கதை. எனக்கே பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதம், அடையாள அட்டையில் வேறொரு மாதம். தோட்டக் கந்தோரில் பிறப்புப் பதிந்த கிளார்க் தனக்கு வசதிப்பட்ட நாளில் பதிந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை இதற்காக வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்றிருக்கிறேன். டீச்சர் என் இரண்டு பிறந்த நாட்களையும் உரக்க வாசித்தார், எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களின் திகதி எங்கேயாவது ஒத்துப்போயிருக்கிறதா? இப்போது நான் எழுதிய பெட்டி எங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒரு சிங்களப் பெண்மணியின் மேசைக்கு முன்னால் எழுப்பி நிறுத்துகிறது என்று நினைத்தபோது முகம் சூடாகிவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். "அப்ப பெட்டியை எடுத்துவிடும். நான் முதலே சொன்னனான் எல்லே," என்றார்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அந்தச் சோதனையைத் தூக்கினேன். பெட்டி வந்த பெயர்களின் பட்டியலை அக்கே நீட்டினார். மேலோட்டமாகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த மாதிரியான பெயர்கள், எல்லாம் தெரிந்த தோட்டங்கள். அவர்கள் கொடுத்த படிவத்தை எடுத்து ஒன்றையாவது சரிபார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் ஜன்னல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்பினேன். பெட்டியை எடுக்கச் சொன்னது முதலாளி என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் எடுத்திருப்பேன்.

நாலு மாதம் போயிருக்கும். இடையில் நகரத்தில் குண்டு வெடித்து, சோதனைகள் கடுமையாகியிருந்தன. ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைத் திருத்தும் மெக்கானிக் ஒருவரை, மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்து இளைஞரை, திங்கட்கிழமை வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் பொலிசார் பஸ்ஸை நிறுத்தி இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் மார்ச் ஒன்பது. எங்கள் புரோகிராம் அச்சடித்த ஊழியர் அட்டையில் செப்டெம்பர் மூன்று. எது பொய் அட்டை, யார் செய்து கொடுத்தது என்று கேட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். தொழிற்சாலைக்கு அன்று காலைதான் தெரிய வந்திருக்கிறது. அடுத்த நாள் காலையில் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். அங்கே அனுப்பப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதை அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. திரும்புவார்களா என்றுதான் கேட்பார்கள்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியைத் திறந்து திறந்து காட்டியதால்தான் அவர் மாட்டிக்கொண்டார். அடையாள அட்டை மட்டும் போதும். சிங்களவர் யாராவது என்றால் அதைக் காட்டிவிட்டு மறுபடி தூங்கியிருப்பார். எங்களுக்கு அது போதாது. அடையாள அட்டை, ஊழியர் அட்டை, வாடகை அறையைப் பொலிஸில் பதிந்த துண்டு, கிராம சேவகரின் கடிதம் என்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேட்குமுன் நீட்டுவோம். காகிதம் கூடினால் சந்தேகம் குறையும் என்று நம்பினோம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

குண்டசாலை பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. என் மெசினில் எல்லாம் சரியாகத்தானே வேலை செய்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். புரோகிராம் எழுதுகிற எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அந்தப் பெண்மணி தப்பாக அடித்திருப்பார் என்றும் நினைத்தேன். கொஞ்சம் ஆசையோடு நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் தப்பாக அடிக்கவில்லை. மெக்கானிக் கைப்பட நிரப்பிய படிவத்தை எடுத்து வைத்திருந்தார்: 09/03. அடையாள அட்டை இலக்கத்தின் மூன்று எண்கள் 069. வருடத்தின் அறுபத்தொன்பதாவது நாள், மார்ச் ஒன்பது. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. புரோகிராமில் மட்டும் செப்டெம்பர் மூன்று.

கதிரையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். புதிய ஆள் ஒருவரைப் போட்டுப் பார்த்தேன். வழக்கம்போல என் பிறந்த நாளையே அடித்தேன், இருபத்தேழாம் திகதி. சரியாகப் பதிந்தது. ஆண்டவனே, இதில் என்ன பிழை? மறுபடியும் அதையே அடித்தேன். மறுபடியும் சரி. பிழை இருக்கும்போது அது ஒளிந்துகொண்டால் வருகிற ஆத்திரம் வேறெதிலும் வராது. மூன்றாவது முறை, எனக்கே ஏன் என்று தெரியாமல், மெக்கானிக்கின் திகதியை அடித்தேன். ஒன்பதும் மூன்றும் இடம் மாறிப் பதிந்தன. கண்ணுக்கு முன்னால், சத்தமே இல்லாமல்.

பிறகு பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. திகதியை இரண்டு # குறிகளுக்கு நடுவில் அடைத்துத்தான் தகவல் சேமிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குறிகளுக்குள் போனதை அது அமெரிக்கக்காரன் எழுதும் முறையில் வாசிக்கிறது: முதலில் மாதம், பிறகு நாள். நான் நம் வழக்கப்படி நாளை முதலில் அனுப்பியிருக்கிறேன். இருபத்தேழு என்று ஒரு மாதம் இல்லையே. அப்போது மட்டும் அது பெருந்தன்மையாக, ஓ, இது நாள் போலிருக்கிறது என்று தானே திருப்பிப் போட்டுக்கொள்கிறது. பன்னிரண்டோ அதற்குக் கீழோ என்றால் திருப்புவதில்லை. ஆகவே பன்னிரண்டாம் திகதிக்குள் பிறந்தவர்களுக்கெல்லாம் மாதமும் நாளும் மாறிவிட்டன. ஜனவரி முதலாம் திகதி, பெப்ரவரி இரண்டாம் திகதி என்று இரண்டும் ஒரே எண்ணாக அமைந்த அதிர்ஷ்டசாலிகள் தப்பினார்கள். போதாததற்கு நான் அழகுக்காக அட்டையில் மாதத்தை எழுத்தில் அச்சிட்டிருந்தேன். எண்ணில் இருந்திருந்தால், இடம் மாறியிருக்கிறது என்று அந்தப் பொலிஸ்காரருக்கே தோன்றியிருக்கலாம்.

தூக்கி எறிந்த அந்த நாற்பது வரிகளை வேறு பெயரில் சேமித்து வைத்திருந்தேன். அதை எடுத்துப் போட்டு, ஒத்துப்போகாதவர்களின் பட்டியலை அச்சிட்டேன். மூன்று தாள். சிங்களப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள், எங்கள் பெயர்கள். நாலு மாதமாக அத்தனை பேரும் தப்பான பிறந்த நாளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குண்டசாலையெல்லாம் நடந்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒருவரைத்தான் அந்தத் திகதி பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறது.

இரண்டாம் தாளில் அக்கேயின் பெயர் இருந்தது. ஜூலை நாலாம் திகதி பிறந்தவர். அட்டையில் ஏப்ரல் ஏழு. கழுத்திலிருந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அனே, மூன்று மாதம் கிழவியாகிவிட்டேனே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம்தான், வந்தது.

முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"பிழையைத் திருத்திப்போட்டு வாரும். பொலிசுக்கு நீர் ஏன் போறீர்? தமிழ்ப் பெடியனுக்காகத் தமிழ்ப் பெட்டை போய் நிண்டால் ரெண்டு பேரையும் இருத்திப்போடுவாங்கள். கம்பெனிக்காரர் பாக்கட்டும்."

"எழுதினது நான்தானே சேர்."

"யானைக்கும் அடி சறுக்கும், பிள்ளை. அதுக்காக யானை பொலிசுக்குப் போறேல்லை."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவரும் பயந்துதான் பேசினார். எரிந்த கடையைப் பார்த்தவர். நான் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அக்கே கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். "வா நங்கி, நானும் வருகிறேன்," என்றார். வரும்படி நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே வேண்டாம். பதிவு மேசையில் முதலில் என் அடையாள அட்டையை வாங்கினார்கள். எங்கே இருக்கிறாய், யார் வீட்டில், ஊர் எது, அவனுக்கு நீ என்ன முறை? முறை ஒன்றுமில்லை, அவரை நான் பார்த்ததுகூட இல்லை என்றேன். பிறகு எதற்கு வந்தாய் என்றார் மேசையில் இருந்த அதிகாரி. என் சிங்களம் நல்ல சிங்களம். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் பல்லில் தட்டியது. மாதம் முதலில், நாள் பிறகு, அமெரிக்கக்காரன் என்று நான் விளக்க விளக்க, அந்த அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு தமிழ்ப் பெண் பொலிஸ் நிலையத்தில் நின்று அமெரிக்காவைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் இறுகாது?

அப்போது அக்கே தன் ஊழியர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் தன் அடையாள அட்டையையும் வைத்தார்.

"மாத்தையா, இதையும் பாருங்கள். என்னையும் உள்ளே போடுங்கள்."

அதிகாரி இரண்டையும் பார்த்தார். மூன்று தாள்களையும் புரட்டினார். மறுபடி அக்கேயின் அட்டையைப் பார்த்தார். சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் சிரித்தார். கம்பியூட்டர் வந்தால் இப்படித்தான், நாளைக்கு ஆணைப் பெண்ணாக்கிவிடும் என்றார். நானும் சிரித்தேன். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதே பிழைதான். அக்கேயின் கழுத்தில் தொங்கியபோது வேடிக்கை. மெக்கானிக்கின் பையில் இருந்தபோது நாலு நாள் சிறை.

கொழும்புக்கு அனுப்பும் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்தார்கள். அக்கே கையெழுத்துப் போட்டார். பின்னேரம் மூன்று மணிக்கு மெக்கானிக்கை வெளியே விட்டார்கள்.

என் வயதுதான் இருக்கும். மெலிந்த ஆள். சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. என்ன என்று கேட்டேன். "விழுந்துட்டேன் மிஸ்," என்றார். ஊசிமுனை அளவு திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிற விரல்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கே ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலைக்குத் திரும்பினார். மெக்கானிக் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பஸ் தரிப்பிடம்வரை இருவரும் நடந்தோம். என்ன நடந்தது என்று அக்கே அவரிடம் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். கம்பியூட்டர் பிழை, இந்த மிஸ் கண்டுபிடித்தார் என்று மட்டும்.

"நீங்க நம்ம ஆளு மிஸ். அதனாலதான் இம்புட்டு தூரம் வந்தீங்க. வேற யாராச்சும்னா எனக்கென்னன்னு இருந்திருப்பாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த விரல்கள் பிளாஸ்டிக் உறையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தன. என்னால் முடியவில்லை.

"அப்படி இல்லைங்க," என்றேன். "நாலு மாசத்துக்கு முன்னாலயே உங்க தேதி பிழைன்னு கம்பியூட்டர் சொல்லுச்சு. உங்க பேரு லிஸ்ட்ல இருந்துச்சு. நான்தான் பார்க்காம விட்டேன். தோட்டத்து ஆளுங்க தேதின்னா எப்பவும் இப்படித்தானே இருக்கும், பாவம், ஏன் மானத்தை வாங்கணும்னு அந்தச் சோதனையையே எடுத்துட்டேன். வேற யாராச்சும் எழுதியிருந்தா, என்னன்னு பார்த்திருப்பாங்க. உங்களுக்கு இது நடந்திருக்காது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வத்தேகம பஸ் ஒன்று நிற்காமல் போனது.

"எங்கப்பா தோட்டக் கந்தோரை நம்ப மாட்டாரு மிஸ்," என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்கிற குரல். "நான் பொறந்த மறுநாளே வேலைக்குப் போகாம, டவுனுக்கு நடந்து போய்ப் பதிஞ்சிட்டு வந்தாரு. தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான். எங்க வீட்ல எல்லாருக்கும் தேதி சரியாத்தான் இருக்கு."

அடுத்த பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். எனக்கும் அந்த வழிதான், நான் ஏறவில்லை.